கஞ்சா ஐந்தாவதாக வந்தது

கேள்வி:

போன வாரம் துவைப்பதற்காக மகனின் சட்டையை எடுத்தபோது, பையில் சிறிய பிளாஸ்டிக் பொட்டலமும் சுருட்டும் தாளும் கிடைத்தன. பொட்டலத்தில் காய்ந்த இலை. முகர்ந்து பார்த்ததும் கஞ்சா என்று தெரிந்துவிட்டது. அவனுக்கு 15 வயது, படிவம் 2. அப்பா பெல்ட்டால் அடித்துவிட்டார். அவனோ, "எல்லாரும்தான் பிடிக்கிறார்கள், தாய்லாந்தில் கடை போட்டு விற்கிறார்கள், சிவன் குடித்ததுதானே" என்கிறான். போலீசில் ஒப்படைத்துப் பயம் காட்டலாமா? அல்லது பள்ளியை நிறுத்தி, ஜொகூரில் இருக்கும் என் அண்ணனுடன் வேலைக்கு அனுப்பிவிடலாமா? கஞ்சா பிடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

நாங்கள் மலேசியாவில், கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் இருக்கிறோம். கணவர் செம்பனை எண்ணெய் ஏற்றும் டாங்கி லாரி ஓட்டுகிறார்; வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார், அந்த இரண்டு நாளும் பீர் உண்டு. எனக்குச் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. மகன் ஆறாம் ஆண்டு முடித்த கையோடு தோட்டத்தை விட்டு வந்து தாமான் (நகர்ப்புறக் குடியிருப்பு) வீட்டில் குடியேறினோம். அங்கே இருந்தவரை சின்னத் தமிழ்ப்பள்ளியில் கணக்கில் முதலாவதாக வருவான், மாலையில் திடலில் பந்து ஆடுவான். இடைநிலைப்பள்ளியில் மலாய் போதாது என்று, படிவம் 1க்கு முன் ஓர் ஆண்டு மொழி படிக்கும் புகுமுக வகுப்பில் போட்டார்கள். அந்த ஆண்டுதான் வேப் (மின்சிகரெட்) பழகினான். கெடாவில் பள்ளி வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கும்; இந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்குப் போவதே இல்லை. வீட்டில் இருந்தால் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூத்த மகள் நன்றாகப் படிக்கிறாள். இவனிடம் மட்டும் நான் எங்கே தவறினேன்?

ஒரு தாய்

பதில்:

சகோதரி,

எங்கள் ஆலோசனைத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பெற்றோர் வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினால், கடைசியாக நடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டே, நடந்த வரிசையில் ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். உங்கள் கடிதத்தையும் அப்படி எழுதிப் பார்த்தேன். தோட்டத்தை விட்டு வந்தது ஒன்று. புகுமுக வகுப்பு இரண்டு. வேப் மூன்று. ஞாயிற்றுக்கிழமை மட்டம் நான்கு. சட்டைப் பையில் இருந்த பொட்டலம் ஐந்தாவது.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் எல்லாம் ஐந்தாவதைப் பற்றியவை. ஒன்று விடாமல் பதில் சொல்கிறேன். ஆனால் முதல் நான்கைத் தொடாமல் இதை மட்டும் பிடுங்கப் பார்த்தால், வேரை விட்டுவிட்டு லாலாங் புல்லின் தலையை வெட்டிய கதையாகிவிடும். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு லாலாங்கைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பையன் பீடியைப் பற்றவைத்தால், புகை அடங்குவதற்குள் சேதி அவன் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும் அத்தை, ஆயாக்கொட்டகைப் பாட்டி, கோயில் பூசாரி என்று எல்லாருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் அதட்டும் உரிமை இருந்தது. அந்த வாழ்க்கையைப் பொன்னாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கள்ளுக்கடையும் அதே தோட்டத்தில்தான் இருந்தது. சம்பள நாளில் அங்கே போய்ச் சேர்ந்த பணத்தின் கணக்கு என் அம்மாவுக்குத் தெரியும். உங்கள் வட்டாரத்திலேயே 1947இல், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. ஆகவே இந்தச் சண்டை பீடோங்குக்குப் புதிதில்லை. ஆனால் ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பார்த்துக்கொண்ட அந்த ஏற்பாடு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, நிலம் கைமாறி, லயங்கள் இடிபட்டபோது கூடவே இடிந்துவிட்டது. தாமானில் பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் மகனின் பெயர் தெரியுமா? தெரிந்தாலும் அவனை அதட்டுவாரா? மாலையில் நீங்கள் வேலை பஸ் ஏறியதிலிருந்து மறுநாள் காலை திரும்பும்வரை, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கப் பெரியவர் ஒருவரும் இல்லை. பந்து ஆடிய திடலும் இல்லை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரவு வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. வீட்டுக் கடனை நான் கட்டப்போவதில்லை. பதின்ம வயதினரின் போதைப் பழக்கத்தைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் காண்பவை ஏறக்குறைய ஒன்றேதான்: போதை பழகும் நண்பர்கள், பெரியவர் கண்படாத நேரம், வீட்டில் சண்டையும் அடியும், பெற்றோரின் குடி, படிப்பில் தோல்வி, பள்ளியோடு ஒட்டாத மனம், சிறு வயதிலேயே தொடங்கிய புகைப் பழக்கம், கவனிக்கப்படாத மனச்சோர்வு. இவற்றில் ஒன்று இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். நான்கைந்து சேரும்போதுதான் ஆபத்து ஏறுகிறது. உங்கள் கடிதத்தில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிவிட்டு அழ வேண்டாம். இவற்றில் சில உங்களால் மாற்றக்கூடியவை.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது இரண்டாவது, அந்தப் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் எல்லா ஆசிரியர்களுக்கும் பெயர் தெரிந்த பையன், கணக்கில் முதல் பையன். அவன் ஒரே ஆண்டில் வீடு மாறி, திடலை இழந்து, பெரிய பள்ளிக்குள் நுழைந்து, "இவனுக்கு மலாய் வராது" என்ற முத்திரையோடு தனி வகுப்பில் உட்கார்ந்தான். அந்த வகுப்பையே குறை சொல்ல மாட்டேன். அதில் ஓர் ஆண்டு படித்து மொழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர்கள் ஏராளம், என் தம்பியும் அவர்களில் ஒருவன். ஆனால் அந்த ஓர் ஆண்டில் மொழி பிடிபடாமல் போன பையனின் நிலை வேறு. வயதில் இளையவர்களோடு படிவம் 2இல் உட்கார்ந்திருக்கிறான். வரலாறு, புவியியல், அறிவியல் எல்லாம் அந்த மொழியில்தான் வருகின்றன. அவனுக்குக் கணக்கு தெரியும், கேள்விதான் புரியவில்லை. தினமும் ஆறு மணி நேரம் தன்னை மக்கு என்று உணர்த்தும் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா? என்னால் முடியாது. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில் சேர்வதற்கு மலாய்த் தேர்வு கிடையாது. அங்கே போய்விட்டான்.

அந்தக் கூட்டத்தின் கையில் இருந்தது வேப். சுகாதார அமைச்சு மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வுகளின்படி, வேப் பிடிக்கும் பதின்ம வயதினர் 2017இல் 9.8 விழுக்காடாக இருந்து 2022இல் 14.9 விழுக்காடாக உயர்ந்தார்கள். சிகரெட் அதே காலத்தில் குறைந்தது. 2023 மார்ச் 31ஆம் தேதி நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கத் தடை விதிக்கும் சட்டம் 2024 அக்டோபர் 1ஆம் தேதிதான் நடப்புக்கு வந்தது. இடையில் ஒன்றரை ஆண்டு. ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான் உங்கள் மகன் புகுமுக வகுப்பில் இருந்தான். பெரியவர்கள் விட்ட ஓட்டையில் பிள்ளைகள் விழுகிறார்கள். பிறகு பிள்ளைகளை அடிக்கிறோம்.

வேப்பைப் பற்றி இன்னொன்று. கஞ்சா போன்ற போதை தரும் செயற்கை ரசாயனங்களை வேப் திரவத்தில் கலந்து விற்கிறார்கள். அவற்றில் பல, இலைக் கஞ்சாவைவிட மூளையைப் பன்மடங்கு கடுமையாகத் தாக்கக்கூடியவை. உள்ளே என்ன இருக்கிறது என்பது பிடிப்பவனுக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவனுக்கும் தெரியாது. நெஞ்சு படபடப்பு, நிற்காத வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் இவற்றில் எதைக் கண்டாலும் யோசிக்காமல் 999க்கு அழையுங்கள். அந்த நேரத்தில் மானத்தைப் பார்க்க வேண்டாம். என்ன பிடித்தான் என்று தெரிந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி ஐந்தாவது. கஞ்சாவில் போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். நம் உடலே அதை ஒத்த ரசாயனங்களைச் சுரக்கிறது. மூளை வளரும் வயதில் நரம்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் அவற்றுக்குப் பங்கு உண்டு. யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை முழுதாக முதிர 25 வயதுவரை ஆகிறது. அதற்கு முன் வெளியிலிருந்து டி.எச்.சி.யைக் கொட்டுவது, சிமெண்டு காய்வதற்குள் அதன்மேல் நடப்பதைப் போன்றது. உடனடியாகத் தெரியும் பாதிப்பு நினைவாற்றலில்தான்: காலையில் படித்த சொல் மாலையில் நிற்காது. மலாய்ச் சொற்களோடு ஏற்கெனவே மல்லுக்கட்டும் பையனுக்கு இதைவிடக் கெடுதலான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பழகுபவர்களில் எல்லாரும் அடிமையாவதில்லை. ஆனால் பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் விடமுடியாத நிலைக்குப் போகிறார். வளர்ந்த பிறகு தொடங்கியவர்களில் அந்த அளவு குறைவு. முன்பு இருந்த கஞ்சாவும் இதுவும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவைச் சோதித்ததில், 1995இல் சராசரியாக 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி. 2014இல் 12 விழுக்காடாகியிருந்தது.

கஞ்சா அறிவை மழுக்கும் என்பதற்குப் பலரும் எடுத்துக்காட்டுவது நியூசிலாந்தின் டனிடன் நகரத்து ஆய்வு. 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். பதின்ம வயதில் தொடங்கி 38 வயதுவரை விடாமல் பிடித்தவர்களின் நுண்ணறிவு எண் சுமார் 8 புள்ளி வரை இறங்கியிருந்தது என்று 2012இல் எழுதினார்கள். எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். 2016இல் அமெரிக்காவில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. இரட்டையரில் கஞ்சா பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் இறக்கத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அப்படியானால் பழியில் ஒரு பங்கு இலைக்கு முன்பே இருந்த எதற்கோ, வீட்டுக்கோ பள்ளிக்கோ வளர்ந்த சூழலுக்கோ, போக வேண்டும். நான் உங்கள் கடிதத்தை ஐந்தாகப் பிரித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பைத்தியம் பிடிக்குமா என்று கேட்டீர்கள். சுவீடனில் 1969–70இல் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987இல் முடிவை வெளியிட்டார்கள். 18 வயதுக்குள் 50 முறைக்கு மேல் கஞ்சா பிடித்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைவிட மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. அந்த நோய் பொதுவாக நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது, ஆகவே ஆறு மடங்கு என்றாலும் பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வரவில்லை. அதனால் "பைத்தியமாகிவிடுவாய்" என்று மகனிடம் சொல்லாதீர்கள். அவனுக்குத் தெரிந்த பத்துப் பேர் பிடித்துவிட்டு நன்றாக நடமாடுவதை அவன் பார்க்கிறான். ஒரு விஷயத்தில் நீங்கள் மிகைப்படுத்தினால் மற்றவற்றையும் நம்ப மாட்டான். மாறாக, உங்கள் இரு வீட்டிலும் யாருக்காவது மனச்சிதைவு இருந்ததா என்று விசாரியுங்கள். "சித்தப்பாவுக்குப் பேய் பிடித்திருந்தது", "பெரியம்மா தனியாகப் பேசிக்கொள்வார்" என்ற கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருந்தால் அவனுக்கு ஆபத்து கூடுதல். மகன் இல்லாத குரலைக் கேட்டாலோ, தன்னை யாரோ பின்தொடர்வதாகச் சொன்னாலோ, இரவிரவாகத் தூங்காமல் தனக்குத்தானே பேசினாலோ சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கு அன்றே அழைத்துப் போங்கள். முனீஸ்வரர் கோயிலுக்கும் போகலாம், மருத்துவமனைக்குப் போய்வந்த பிறகு.

போலீஸ் விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: பயம் காட்டுவதற்காக அந்தப் படியேறாதீர்கள். போலீஸ் நிலையம் பூச்சாண்டி இல்லை. சிறுநீரில் போதை இருப்பது உறுதியானால் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவு காத்திருக்கிறது: 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அதன்பின் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் மேற்பார்வை. 18 வயது ஆகாததால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றத்துக்குப் போகும், நீதிமன்றம் சமூக நல இலாகாவிடம் அறிக்கை கேட்கும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒருமுறை ஒப்படைத்துவிட்டால் அதற்குமேல் எது நடக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது.

சட்டத்தில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் வேறு. அவனுக்கு இலை கொடுப்பவன் ஒருநாள், "இந்தப் பையை அந்தத் தாமானில் கொடுத்துவிட்டு வா" என்று மோட்டார் சாவியை நீட்டுவான். 200 கிராம் கஞ்சா கையில் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கிறது. நம் கையில் அது ஒரு சின்னப் பிஸ்கட் பாக்கெட்டின் எடை. கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கியது. மரண தண்டனையே நீங்கிவிடவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைத் தூக்கிலிட முடியாது, ஆனால் பல ஆண்டுகள் அடைத்துவைக்க முடியும். கொடுத்து அனுப்புகிறவர்களுக்கு இந்த வயதுக் கணக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பள்ளிப் பையன்களைத் தேடுகிறார்கள். மகனிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும், "யாருக்காகவும் எதையும் தூக்கிக்கொண்டு போகாதே, மாட்டிக்கொண்டால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு" என்பதை மட்டும் மறக்காதீர்கள். பொட்டலத்தை இன்னும் வைத்திருந்தால் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். அவனை மிரட்டச் சாட்சியாக அலமாரியில் பூட்டி வைத்திருந்தால், சட்டத்தின் முன் அது உங்கள் கையில் இருக்கும் கஞ்சா.

தாய்லாந்தை அவன் சும்மா இழுக்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அவர்கள் 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அப்போதுகூட 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கத் தடை இருந்தது. கடைகள் பெருகியதைப் பார்த்துவிட்டு 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று மீண்டும் இறுக்கினார்கள். இதை அவனிடம் அமைதியாகச் சொல்லுங்கள். சிவனைப் பற்றிக் கேட்டால், அவர் ஆலகால விஷத்தையும்தான் குடித்தார், அதையும் ஒரு மடக்கு பார்க்கிறாயா என்று கேளுங்கள். சிரித்தான் என்றால் பாதி வேலை முடிந்தது.

ஜொகூர் வேண்டாம். உங்கள் அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். 15 வயதில் படிப்பில்லாமல், கையில் சம்பளத்தோடு, பெரியவர்களோடு வேலை செய்யும் பையனுக்குப் போதை இன்னும் பக்கத்தில் வரும், வாங்கப் பணமும் இருக்கும். பள்ளியை நிறுத்துவது, மேலே சொன்ன காரணிகளில் "பள்ளியோடு ஒட்டாத மனம்" என்பதை நாமே கையெழுத்துப் போட்டு முடித்துவைப்பதாகும். பள்ளியில் முடியாத பையனுக்கும் ஒரு பாதை இருக்கிறது. படிவம் 3 முடித்தபின் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். மோட்டாரைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரிந்தவனை மக்கு என்று யார் சொன்னது? அந்தக் கதவு வரை அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இன்னும் ஒன்றரை ஆண்டு.

இப்போது எப்படிப் பேசுவது என்பது. சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று நன்றாக அறிந்துவைத்திருந்த பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு. இது பழைய செய்தி. அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதில்தான் புதுமை. துருவிக் கேட்டோ பையைச் சோதித்தோ அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. பெரும்பாலும் பிள்ளைகளே வந்து சொல்லியிருந்தார்கள். ஆகவே நாம் பார்க்க வேண்டியது, அவன் உங்களிடம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறானா என்பதை. பெல்ட் அந்த வாயை அடைத்துவிட்டது. அதைத் திறக்கும் வேலை உங்களுடையது.

நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். அவன் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருங்கள். கையில் வேலை இருக்கும்போது பையன்கள் கொஞ்சம் பேசுவார்கள். பிடித்தாயா என்று கேட்கவே வேண்டாம், அது உங்களுக்குத் தெரியும். கேட்டால் பொய் சொல்ல வாய்ப்புக் கொடுத்ததாகும். "தம்பி, அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். அப்பாவிடம் இனிமேல் கை ஓங்கக் கூடாது என்று பேசிவிட்டேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும், அது உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. தூக்கம் வருகிறது என்பான், ஒன்றும் தோன்றாமல் இருக்கிறது என்பான், வகுப்பில் சிரித்தவன் முகம் மறந்துவிடுகிறது என்பான். எந்தப் பதில் வந்தாலும் அதுதான் அவனுடைய உண்மையான வியாதி. அன்றே அறிவுரை சொல்லாதீர்கள். வீட்டு விதி ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: இந்த வீட்டுக்குள் அது வரக் கூடாது, இரவு 9 மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. உங்கள் வேலை இடைவேளையில் தினமும் அவனை வீடியோ அழைப்பில் கூப்பிடுங்கள். அக்காவைக் காவல்காரியாக்க வேண்டாம், இருவருக்கும் பகை வளரும்.

கணவரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு மட்டும் கேளுங்கள். பெல்ட்டைத் தொடக் கூடாது. வீட்டில் இருக்கும் இரண்டு நாளில் ஒரு மாலை, பீர் திறப்பதற்கு முன், மகனோடு அந்த மோட்டாரின் பக்கத்தில் உட்கார வேண்டும். டாங்கி லாரி ஓட்டுகிறவருக்கு இயந்திரத்தைப் பற்றி மகனுக்குச் சொல்ல நிறைய இருக்கும். தன் கையில் பீர் டின்னை வைத்துக்கொண்டு போதையைப் பற்றி அவர் பேசினால் என்ன ஆகும் என்பதை அவரே அறிவார், நான் எழுத வேண்டாம்.

எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறான் என்று கண்டுபிடிக்க, அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். கட்டணம் 1 ரிங்கிட். மனச்சோர்வு உண்டா, தூக்கம் எப்படி, கவனக்குறைபாடு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். மருந்தகத்தில் சோதனைக் குச்சி வாங்கி, அவன் அறியாமல் சிறுநீரைச் சோதிக்காதீர்கள். ஒருமுறை பிடித்தவனுக்குச் சில நாளில் மறையும், தினமும் பிடிப்பவனுக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் காட்டலாம்; நிறுத்திவிட்ட பிள்ளையைப் பொய்யன் என்று அடித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவன் நிறுத்தினால் முதல் இரண்டு வாரம் எரிந்து விழுவான், தூங்க மாட்டான், சோறு இறங்காது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், போதை இறங்கும் வழி அது. தினமும் பிடிக்கிறான், விட முடியவில்லை என்று தெரிந்தால் ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம்) அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லலாம். பெற்றோர் தாமாக முன்வந்து சிகிச்சை கேட்பதற்கு, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிடிபட்டுப் போவதும் தானாகப் போவதும் ஒன்றல்ல. யாரிடமாவது உடனே பேச வேண்டும்போல் இருந்தால் 15999, தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பள்ளிக்குப் போகும்போது கட்டொழுங்கு ஆசிரியரிடம் போகாதீர்கள், ஆலோசக ஆசிரியரிடம் போங்கள். பொட்டலத்தைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு முன், சொன்னால் பள்ளி என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சந்திப்பில் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு கேள்வி போதும். என் மகன் ஞாயிற்றுக்கிழமை ஏன் வருவதில்லை, அன்று என்ன பாடம், யார் ஆசிரியர்? வாரத்தின் முதல் நாளை மட்டும் தவிர்க்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பகடிவதையாக இருக்கலாம், எல்லார் முன்னாலும் மலாயில் வாசிக்கச் சொல்லும் பாடமாக இருக்கலாம். அடுத்து, அவனுடைய மலாய் எந்த ஆண்டு நிலையில் இருக்கிறது? படிவம் 2 பையன் நான்காம் ஆண்டுப் புத்தகத்தைத்தான் வாசிக்கிறான் என்று தெரிந்தால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பிரத்தியேக வகுப்பு என்றால் 30 பேர் உட்காரும் இடம் உதவாது. தாமானிலேயே படித்த ஓர் இளைஞனைப் பிடித்து வாரம் மூன்று மாலை, ஒருவருக்கு ஒருவராக ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர் கண்படாத மூன்று மாலை அதிலேயே நிரம்பும். மோட்டார் உதிரிபாகக் கையேடுகள் மலாயில் கிடைக்கின்றன, அவற்றை வாசிக்கவைக்கச் சொல்லுங்கள்.

நான் எங்கே தவறினேன் என்ற கேள்விக்கு வருகிறேன். மகள் தோட்டத்தை விட்டு வந்தபோது இடைநிலைப்பள்ளியில் ஏற்கெனவே கால் ஊன்றியிருப்பாள் என்று ஊகிக்கிறேன். மகனுக்கு வீடும் பள்ளியும் மொழியும் ஒரே சமயத்தில் மாறின. இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது ஒரே தாய்தான், மாறியது நேரம். நீங்கள் செய்த ஒரு தவறு என்று கேட்டால், சட்டைப் பையைப் பார்த்த நாளில் வந்த பதற்றம், புகுமுக வகுப்புக் கடிதம் வந்த நாளில் வரவில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதற வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது கஞ்சாவை இரண்டாம் பத்தியில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போனானா, மலாய் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அந்த மோட்டார் ஓடுகிறதா என்பதை முதலில் எழுதுங்கள்.